பேரிக்காய் மரத்தைத் தூங்க வைத்தவளுக்கு

நேற்று மதியம் டீலக்ஸ் அறை ஒன்று காலியானது. நோயாளி குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார். பார்க்க வந்தவர்கள் கொடுத்த பழக்கூடை மட்டும் மேசைமேலேயே கிடந்தது. ஆப்பிளுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே வெள்ளை ஸ்பாஞ்சு வலை மாட்டிய பேரிக்காய் ஒன்று. “எடுத்துக்குங்க சிஸ்டர், இல்லாட்டி குப்பைக்குத்தானுங்க போவும்” என்றார் அறையைக் கூட்ட வந்த அக்கா. வலையைக் கழற்றி மூக்கருகே வைத்துப் பார்த்தேன். வாசனை என்று ஒன்றுமே இல்லை. கடித்தேன். சர்க்கரைத் தண்ணீர் மாதிரி வழிந்தது. பல்லில் மணல் நெறிபடவில்லை. இதைப் பேரிக்காய் என்று நீ ஒத்துக்கொண்டிருக்க மாட்டாய்.

நின்றபடியே தின்று முடித்தேன். உட்கார்ந்தால் திரும்ப எழுந்திருக்க மனசு வராது என்று நீதான் சொல்வாய்.

மார்கழி பிறந்துவிட்டது. போத்தனூர் வீட்டுக்குப் பின்னால் உன் மரம் போன வருஷத்து இலையோடு இன்னும் நிற்கிறது. நுனியெல்லாம் கருகி, ஓட்டை விழுந்து, தூசி படிந்த இலைகள். ஆனால் உதிரவில்லை. நீ போன பிறகு யாரும் அதைத் தொடவில்லை, அதனால் இந்த வருஷம் அது பூக்கவும் இல்லை. வீட்டுக்கார பாய் சென்ற வாரம் வந்து அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

“பையன் கார் வாங்கறான் கண்ணு. நிறுத்தறதுக்கு எடமில்ல. மாசிக்குள்ள பூத்துச்சுன்னா, அந்தப் புள்ள ஞாபகமா இருந்துட்டுப் போவட்டும். இல்லேன்னா வெட்டிப்போட்டு சிமெண்டு போட்டுர்றேன். நீ மனசு சங்கடப்படக் கூடாது, என்ன?”

நல்ல மனிதர்தான். இந்த ஊரில் மரத்தை வெட்டுவதானாலும் ‘கண்ணு’ என்று கூப்பிட்டுத்தான் வெட்டுவார்கள்.

நீ அந்தக் கன்றோடு வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரே ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, ஜங்ஷனுக்குப் பின்னால் பாய் வீட்டின் பின்கட்டில் நாம் இரண்டு பேரும் வாடகைக்கு வந்த புதிது. பொங்கல் லீவுக்குக் கோத்தகிரி போய்விட்டு, சலைன் பாட்டில் வந்த பழைய அட்டைப்பெட்டியில் ஒரு ஒட்டுக்கன்றை வைத்து, மலைப்பாதை வளைவெல்லாம் மடியில் அணைத்துக்கொண்டே வந்து இறங்கினாய். வழியில் இரண்டு முறை வாந்தி எடுத்ததாகச் சொன்னாய். “எனக்குத்தான். கன்னுக்கு ஒண்ணும் ஆகல.”

நான் கோபிசெட்டிபாளையத்துக்காரி. என் அப்பா அடுத்தவர் வாழைக்காட்டில் கூலிக்குப் போகிறவர். மண்ணைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும் என்ற திமிரில் சொன்னேன்: “ஏனுங்க அம்மணி, குளுருல வளர்றதக் கொண்டாந்து இந்த வெயில்ல நட்டீன்னா செத்துப்போயிருமல்லோ?”

“நான் சாகலையே?” என்றாய்.

அப்போது சிரித்தோம். இப்போது அந்தப் பதிலை நினைக்கவே பிடிக்கவில்லை.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று ஒரு நாள் கேட்டேன். துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து சொன்னாய். உங்கள் எஸ்டேட் லைன் வீடுகளுக்குப் பின்னால் பெரிய பேரிக்காய் மரம் ஒன்று உண்டு. வருஷா வருஷம் காய்த்துக் கொட்டும். ஆனால் கீழே விழுந்த காயைப் பொறுக்கினால்கூட வாட்ச்மேன் வந்துவிடுவான். ஒரு தடவை உன் அம்மாவின் மடியை எல்லார் முன்னாலும் அவிழ்க்கச் சொன்னானாம். உள்ளே காக்கை கொத்திப்போட்ட காய்கள் இருந்தன. “என் மரத்துல, என் கையால ஒரு காயைப் பறிச்சு, யாரும் ஏன்னு கேக்காம நின்னு கடிக்கணும். அவ்வளவுதான்.”

“வாடகை வீட்டுலயா?” என்றேன்.

“சொந்த வீடு வாங்குற வரைக்கும் மரம் காத்திருக்காது அம்மணி.” ‘அம்மணி’யை எங்களைப் போலவே இழுத்துச் சொல்லிக் கிண்டல் செய்வாய்.

மரம் சாகவில்லை. உன்னைப் போலவே அதுவும் இந்த ஊர் வெயிலுக்குப் பழகிக்கொண்டது. ஆளுயரம் வளர்ந்தது, கூரை ஓட்டைத் தாண்டியது, எந்நேரமும் இலை நிறைய நின்றது. பூ மட்டும் வரவில்லை. கிளைகள் எல்லாம் விறைப்பாக வானத்தைப் பார்த்தே வளர்கின்றன, அவற்றைத் தாழ்த்திக் கட்டினால் பூக்கும் என்று எங்கோ படித்தாய். அடுத்த வாரமே காலியான சலைன் பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி, கிழிந்த கிரேப் பேண்டேஜால் கிளைக்கு ஒன்றாகத் தொங்கவிட்டாய். அடியில் இன்னொரு பாட்டிலைக் கவிழ்த்து, டிரிப் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பாய் வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார்.

“என்னம்மா இது, அட்மிட் பண்ணியாச்சா?”

“ஆமாங்க பாய். ஐசியூல இருக்கு. விசிட்டர்ஸ் சாயங்காலம்தான்.”

“பில்லை என்ற தலைல கட்டிப்போடாதீங்க.”

அடுத்த மார்கழியில் உனக்கு ஐஸ் பைத்தியம் பிடித்தது. குளிர் பட்டால்தான் பூக்கும், குளிர் இங்கே இல்லை, அதனால் குளிரைக் கொண்டுவருவோம் என்பது உன் கணக்கு. பாய்க்கு ஜங்ஷன் பக்கம் ஜூஸ் கடை. கடை சாத்தும்போது மிஞ்சுகிற ஐஸை வாளியில் வாங்கி வந்து வேரைச் சுற்றிக் கொட்டினாய். நன்னாரி சர்பத்தும் ரோஸ் மில்க்கும் கலந்த ஐஸ். மறுநாள் காலையில் போத்தனூரில் இருக்கிற எறும்பு முழுதும் நம் வீட்டுக்குப் பின்னால்தான். துவைத்துப் போட்ட யூனிஃபார்முக்குள் புகுந்து, வார்டு ரவுண்ட்ஸில் பெரிய டாக்டருக்கு முன்னால் நான் நெளிந்ததைப் பார்த்து நீ முகத்தை ஃபைலால் மறைத்துக்கொண்டாய். மரம் ஒரு மொட்டுக்கூட விடவில்லை.

அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோதுதான் உனக்குப் பிடி கிடைத்தது. போன் செய்து கத்தினாய். உங்கள் லைனுக்குப் பின்னால் அந்தப் பெரிய மரம் ஒரு இலைகூட இல்லாமல், பட்டுப்போனது மாதிரி நின்றிருக்கிறது. சின்ன வயதிலிருந்து வருஷா வருஷம் பார்த்ததுதான், ஆனால் யோசித்ததில்லை. “அது தூங்குதுடி! மேல பனி விழுந்ததும் இலையைக் கொட்டிட்டுத் தூங்கிடுது. எந்திரிக்கும்போது பூவோட எந்திரிக்குது. நம்ம மரம் இத்தனை வருஷமா தூங்கவே இல்ல. இலை இருந்தா அது வேலை பாத்துட்டேதான் இருக்கும்.”

தொண்டையில் விட்ட மூச்சுக்குழாயோடு முரண்டுபிடிக்கிற நோயாளிக்கு மயக்க மருந்து போட்டுத் தூங்க வைப்போமே, உடம்பு தேறட்டும் என்று. அதைத்தான் மரத்துக்குச் செய்யப்போவதாகச் சொன்னாய்.

அடுத்த கார்த்திகைக் கடைசியில் மழை நின்றதும் மரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினாய். மார்கழியில் உன் வார ஓய்வு நாளில் ஸ்டூல் போட்டு ஏறி, ஒவ்வொரு இலையாகக் கையால் உருவினாய். இழுத்துப் பறித்தால் அடிமொட்டு கூடவே வந்துவிடும். காம்பைப் பிடித்து மேல்பக்கமாக லேசாகத் தள்ள வேண்டும், டக்கென்று விட்டுவிடும். நரம்பிலிருந்து ஊசியை எடுக்கும்போது இருக்கும் அந்தக் கவனம் உன் முகத்தில் அப்போதும் இருந்தது. நான் கீழ்க் கிளைகளை முடித்தேன். சாயங்காலம் மரம் எலும்புக்கூடாக நின்றது. பாய் வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, “ஐயோ, என்ன கண்ணு, மொட்டையடிச்சுப்போட்டீங்க?” என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

உன் நகமெல்லாம் கறுத்துப்போயிருந்தது. இலைச்சாறு முதலில் பச்சையாக ஒட்டும், பிறகு பழுப்பாகும், அப்புறம் எதற்கும் போகாது. மறுநாள் ஆஸ்பத்திரியில் கைச் சுத்தம் பார்க்க வந்த மேடம் உன் விரலைத் தூக்கிப் பிடித்து எல்லாரும் பார்க்கக் கேட்டார்: “என்ன சிஸ்டர் இது அழுக்கு?”

“அழுக்கில்லைங்க மேடம். பேரிக்காய்.”

பூ வந்தது. தை முடிகிற நேரத்தில், வெறுங்கிளையில் கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ, நடுவில் ஊதாப் புள்ளிகள். நீ ஓடிப்போய் முகத்தை வைத்து முகர்ந்துவிட்டு அப்படியே பின்வாங்கினாய். மீன் நாற்றம். பாய் வந்து மோந்து பார்த்தார். “இந்தக் கருவாட்டு வாசத்துக்கா இத்தனை பாடு?” நீ கல்லில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பூவில் பாதி உதிர்ந்தது, பிஞ்சும் உதிர்ந்தது, கடைசியில் ஒரே ஒரு காய் நின்றது. ஆடியில் பறித்தாய். உன் மரத்தில், உன் கையால். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நின்றபடியே ஒரு கடி கடித்தாய். கல் மாதிரிக் காய், மென்றால் மணல். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு நாம் தின்றோம், பாய்க்கும் ஒரு துண்டு கொடுத்தோம். “எங்க ஊர்ல இதை மாட்டுக்குப் போடுவாங்க” என்று சொல்லிச் சிரித்தாய். கண்ணில் தண்ணீர் இருந்தது. மிளகாய் என்றாய்.

அந்த வருஷம்தான் வார்டில் ஆட்களைக் குறைத்தார்கள். குறைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. போனவர்களுக்குப் பதிலாக ஆள் எடுக்கவில்லை, அவ்வளவுதான். இந்த ஊரில் யாரும் அதட்டி வேலை வாங்க மாட்டார்கள். இன்சார்ஜ் சிஸ்டர் தோளில் கை போட்டு, “கண்ணு, இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் பாத்துக்குங்க. உங்களை விட்டா யார் இருக்கா?” என்பார். குரலில் தேன் வடியும். காலையில் வந்தவள் மறுநாள் காலைவரை நிற்பாள். மறுத்தால் அவர் திட்டக்கூட மாட்டார், முகம்தான் வாடும். அந்த வாடிய முகத்துக்குப் பயந்தே நாம் எத்தனையோ டபுள் டூட்டி பார்த்திருக்கிறோம். “உங்க ஊர்ல அடிக்கறதா இருந்தாக்கூட ‘ஏனுங்க’ன்னு கூப்ட்டுட்டுத்தான் அடிப்பாங்களா?” என்று நீ கேட்டாய். என் ஊர் மரியாதை எனக்குப் பிடிக்கும். அதை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்த பிறகு அந்த ‘ங்க’வே சில நேரம் காதில் குத்துகிறது.

அடுத்த கார்த்திகையில், மரத்துக்குத் தண்ணீரை நிறுத்திய அந்த வாரத்தில், நீ பகல் டூட்டி முடித்தாய். இரவுக்கு ஆள் இல்லை, ‘இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும்’ என்றார்கள். நின்றாய். காலையில் ஹேண்டோவர் கொடுத்துவிட்டு, நல்ல வெயில் ஏறிய பிறகு ஸ்கூட்டரை எடுத்தாய். வீட்டுக்குக் கொஞ்ச தூரம்தான் இருந்தது. ஓரமாக நிறுத்தியிருந்த லாரியின் பின்னால் போய் மோதினாய். பிரேக் பிடித்த தடம்கூட ரோட்டில் இல்லை என்று டீக்கடைக்காரர் சொன்னார். தூங்கிவிட்டாய். அவ்வளவுதான் நடந்தது. விதி, நேரம், கண்திருஷ்டி என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நீ தூங்கிவிட்டாய்.

ஆஸ்பத்திரியில் உன் படத்துக்கு மாலை போட்டு ஒரு நிமிஷம் மௌனமாக நின்றார்கள். நிர்வாகத்தின் சார்பில் ஒருவர் வந்து, டூட்டி முடிந்த பிறகு வெளியில் நடந்த விபத்து இது என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னார். மறுநாள் நோட்டீஸ் போர்டில் சுற்றறிக்கை ஒட்டினார்கள்: ஊழியர்கள் ஹெல்மெட் அணிந்து கவனமாக வண்டி ஓட்ட வேண்டும். நீ ஹெல்மெட் போட்டிருந்தாய். அந்தத் தாளைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் புதிதாக ஒன்று ஒட்டினார்கள்.

உன்னைத் தடுத்திருக்கலாமே என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். நான் என்னைக் குற்றம் சொல்லிக்கொள்ளப் போவதில்லை. குற்றம் சொல்ல வேண்டிய இடம் எனக்குத் தெரியும். அதற்குப் பெயர்ப்பலகை இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது, வாசலில் பிள்ளையார் இருக்கிறார். நமக்குள்ளேயே நாம் குற்றத்தைப் பங்கு போட்டுக்கொண்டால் அவர்களுக்கு வேலை மிச்சம்.

உன்னைக் கோத்தகிரிக்கு ஏற்றிவிடுவதற்கு முன் கையைப் பிடித்துப் பார்த்தேன். நகமெல்லாம் சுத்தமாக இருந்தது. இலை உருவ இன்னும் நாள் இருந்தது.

அதற்குப் பிறகு மரத்தின் பக்கம் நான் போகவில்லை. துணி காயப்போடும்போதும் முதுகைக் காட்டிக்கொண்டே நின்றேன். சலைன் பாட்டில்கள் வெயிலில் வெடித்து ஒவ்வொன்றாக விழுந்தன. மரம் மட்டும் கோடை, ஆடி, ஐப்பசி என்று கண்ணை மூடாமல் நின்றது. பாய் வந்து காரைப் பற்றிச் சொன்ன அன்றுதான் திரும்பிப் பார்த்தேன். கறுத்த இலைகளோடு அது நின்ற அதே நிலையை நான் தினமும் பார்க்கிறேன், ஓய்வறைக் கண்ணாடியில், என் முகத்தில். துணி அலசிய தண்ணீர் அதன் வேருக்குப் போவதை அன்றே நிறுத்தினேன். இலை உருவுவதற்கு இன்றைய வார ஓய்வு நாளைக் குறித்துவைத்தேன். இதை விட்டால் அடுத்த ஓய்வு எப்போது என்று தெரியாது. குளிர் போய்விடும். பாயின் மாசி வந்துவிடும்.

நேற்று அந்தப் பழத்தைத் தின்றுவிட்டுக் கை கழுவும்போது தோளில் இன்சார்ஜ் சிஸ்டரின் கை விழுந்தது.

“கண்ணு, நாளைக்கு உங்களுக்கு ஆஃப் தானே? ரெண்டு பேர் வரலைங்க. காலைல வந்து அப்படியே நைட்டும் ஒரு நாளைக்கு மட்டும் பாத்துக்குங்க.”

“முடியாதுங்க சிஸ்டர்.”

“ஏனுங்க, ஊர்ல ஏதாச்சும் விசேஷமா?”

“இல்லைங்க.”

“உடம்புக்கு ஏதாச்சும்?”

“நல்லாத்தானுங்க இருக்கறேன்.”

“அப்புறம் என்னங்க? ஊட்ல என்ன வேலை?”

“மரத்துல இலை உருவோணுங்க.”

அவர் நான் கிண்டல் செய்வதாக நினைத்தார். பிறகு உன் ஞாபகம் வந்திருக்க வேண்டும். கையைத் தோளிலிருந்து எடுத்தார். “பேஷண்டுகளை யாருங்க பாப்பாங்க?” என்றார், வாடிய முகத்தோடு. அந்த முகத்தை நேராகப் பார்த்தேன். அவரும் களைத்துத்தான் இருந்தார். கண்ணுக்குக் கீழே கறுப்பு. அவர் தோளில் கை போட்டுக் ‘கண்ணு’ என்று சொல்ல மேலே ஒருவர் இருப்பார்.

“அத மேல கேளுங்க சிஸ்டர். ஆள் எடுக்கச் சொல்லுங்க. நான் வர்லீங்க.”

அவரே இன்று நிற்கிறார் என்று கேள்விப்பட்டேன். அதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. ஆனால் நான் போகாததால் ஆஸ்பத்திரி இடிந்து விழவும் இல்லை.

இன்று விடிந்ததும் ஸ்டூலைப் போட்டேன். மரம் நீ விட்டுப்போனதைவிட உயரம், மேல்கிளைக்கு ஓட்டின்மேல் ஏற வேண்டியிருந்தது. முதல் சில இலைகளை அவசரத்தில் இழுத்துவிட்டேன், மொட்டும் சேர்ந்து வந்தது. பிறகு கைக்கு வந்துவிட்டது. காம்பைப் பிடி, மேலே தள்ளு, விடு. முதுகு வலித்தது. வெயில் ஏறியது. ஜங்ஷன் பக்கம் ரயில்கள் கத்தின. பாய் கடைக்குக் கிளம்பும்போது நின்று அண்ணாந்து பார்த்தார்.

“மறுக்காவும் ஆரம்பிச்சுட்டியா கண்ணு? பூக்குமா?”

“தெரியாதுங்க பாய்.”

“ஐஸ் கீது வேணுமா?”

“எறும்பு வர்றதுக்குங்களா?” என்றேன். இருவரும் சிரிக்கப் பார்த்தோம். முழுதாக வரவில்லை. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, எட்டுகிற கிளையில் கொஞ்ச இலைகளை உருவிப்போட்டுவிட்டுத்தான் போனார்.

மதியத்துக்கு முடிந்தது. மரம் ஒன்றுமில்லாமல் நின்றது. அதைச் சுற்றிக் கருகிய இலைகள் கணுக்கால் அளவு கிடந்தன, கூட்டவில்லை. சோறு வடிக்கவும் இல்லை. போனை அணைத்துவிட்டு, யூனிஃபார்ம் கொடியில் ஆடுவதைப் பார்த்தபடி வெறுந்தரையில் படுத்தேன். உடம்பு முழுக்க இலை வாசம். எழுந்தபோது சாயங்காலம். அதன் பிறகுதான் இதை எழுதுகிறேன்.

பூக்குமா என்று எனக்குத் தெரியாது. பூத்தாலும் மீன் நாற்றம்தான், காய்த்தாலும் மணல்தான். பாய் வெட்டினாலும் வெட்டிவிடலாம். நாளைக்கு வேலைக்குப் போனால் எனக்கு வேறு வார்டோ வேறு தண்டனையோ காத்திருக்கலாம். அவ்வளவு இனிமையாகக் கொடுப்பார்கள், தண்டனை என்று கண்டுபிடிக்கவே நாலு நாள் ஆகும்.

ஆனால் என் நகங்களைப் பார்க்கிறேன். பச்சை பழுப்பாக மாற ஆரம்பித்துவிட்டது. காலையில் டூட்டிக்கு முன் தேய்ப்பேன், போகாது. யாராவது விரலைத் தூக்கிப் பிடித்து என்ன இது என்று கேட்பார்கள். உன் பதிலைத்தான் சொல்லப்போகிறேன்.